முக்கால் முழத் தூரம்

சான் பிரான்சிஸ்கோ பக்கத்தில் இருக்கும் தங்கைக்கு ஜூன் கடைசியில் பிரசவம் என்று தெரிந்ததும் அம்மா அமெரிக்கா போவது முடிவாகிவிட்டது. சித்திரைத் திருவிழா முடிந்து, அழகர் மலைக்குத் திரும்பிய பிறகுதான் திருமங்கலத்தை விட்டுக் கிளம்புவேன் என்பது மட்டுமே அவர் வைத்த நிபந்தனை. விசா, மருத்துவக் காப்பீடு, பிரசவ மருந்துக்கான சாமான்கள் என்று ஒவ்வொரு வேலையாக முடிந்துகொண்டிருந்த நாட்களில், ஒரு மாலை திண்ணையில் உட்கார்ந்து பூக் கட்டிக்கொண்டிருந்த அம்மா தலையை நிமிர்த்தாமலே என்னிடம் கேட்டார்: "எம்புட்டுத் தூரம்ப்பா இருக்கும்? சும்மா ரொம்பத் தூரம்னு சொல்லாத. கணக்காச் சொல்லு."

நான் பள்ளியில் புவியியல் நடத்துகிறவன். அட்சரேகை, தீர்க்கரேகை, நேர மண்டலம் என்று ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதிப் போடுகிறவன். ஆனாலும் அம்மாவின் கேள்விக்கு உடனே சொல்ல என்னிடம் பதில் இல்லை. கைபேசியில் தேடினால் ஒரு எண் கிடைக்கும் என்பது தெரியும். ஆனால் அந்த எண் அம்மாவுக்கு எதைச் சொல்லும் என்ற தயக்கம் இருந்தது. அதற்கு முந்தைய வாரம்தான் உறவினர் ஒருவர் தம் கைபேசியைப் பார்த்துவிட்டு, மதுரையிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்கு 7,730 கிலோமீட்டர் என்று சொல்லியிருந்தார். அது கிலோமீட்டர் அல்ல, கடல் மைல். விமானிகளும் மாலுமிகளும் பயன்படுத்தும் அளவு அது. ஒரு கடல் மைல் 1.852 கி.மீ. கிலோமீட்டராக மாற்றினால் தூரம் ஏறக்குறைய இரண்டு மடங்காகிவிடும்.

மறுநாள் தலைமையாசிரியரிடம் சொல்லிவிட்டு, பள்ளியின் உலக உருண்டையை வீட்டுக்கு எடுத்து வந்தேன். குறுக்களவு 30 செ.மீ. இருக்கும் உருண்டை அது. அம்மா பூக் கட்டும் நூல்கண்டிலிருந்து கொஞ்சம் நூலைப் பிரித்து, ஒரு முனையை மதுரையின் மேல் கட்டைவிரலால் அழுத்திப் பிடிக்கச் சொன்னேன். மறுமுனையைச் சான் பிரான்சிஸ்கோவில் வைத்து நூலை மெல்ல இழுத்தேன். தளர்வாக இருந்தவரையில் நூல் அரபிக் கடல், ஆப்பிரிக்கா என்று எங்கெங்கோ கிடந்தது. இழுக்க இழுக்க அது வழுக்கிக்கொண்டு வடக்கே ஏறியது. விறைப்பாக நின்றபோது, ஆந்திரம், பீகார், நேபாளம், திபெத், மங்கோலியா, சைபீரியா என்று போய், ஆர்க்டிக் கடற்கரையை ஏறக்குறையத் தொட்டு, அலாஸ்காவின் குறுக்கே இறங்கி, கலிபோர்னியாவில் முடிந்தது. நூலை எடுத்து ஸ்கேலில் வைத்தேன். முப்பத்து மூன்றே முக்கால் செ.மீ. அம்மா ஸ்கேலைப் பார்க்கவில்லை. நூலை வாங்கித் தன் முழங்கையிலிருந்து விரல் நுனிவரை வைத்துப் பார்த்துவிட்டு, "முக்கா முழம்" என்றார்.

சரியான அளவுதான். இந்த உருண்டையில் ஒரு செ.மீ. என்பது நிஜ பூமியில் சுமார் 425 கி.மீ. மதுரை விமான நிலையத்துக்கும் சென்னை விமான நிலையத்துக்கும் இடையில் உள்ள வான்வழித் தூரம் சுமார் 420 கி.மீ.; அதாவது இங்கே ஒரு செ.மீ., அரை விரற்கடை. அந்த அரை விரற்கடையைக் கடக்கத்தான் நாம் ராத்திரி மதுரையில் ரயில் ஏறி விடிய விடிய எழும்பூரில் இறங்குகிறோம் என்று சொன்னதும் அம்மா நூலை இன்னொரு முறை கையில் எடுத்து, அரை விரற்கடையை விரலால் அடையாளம் வைத்து, மிச்சத்தைப் பார்த்தார். ஆயிரக்கணக்கில் நான் எத்தனை எண்களைச் சொல்லியிருந்தாலும் அந்தப் பார்வை வந்திருக்காது என்று நினைக்கிறேன். உருண்டையில் மதுரையிலிருந்து மிக அதிகத் தொலைவில் இருக்கும் புள்ளிக்கே 47 செ.மீ.தான், ஒரு முழத்துக்குக் கொஞ்சம் கூட. அந்தப் புள்ளி பெரு நாட்டுக்கு மேற்கே பசிபிக் கடலுக்குள் இருக்கிறது. அங்கே நிலமே கிடையாது. ஆக, மதுரைக்காரர் ஒருவர் பூமியில் போகக்கூடிய அதிகபட்சத் தூரத்தில் கிட்டத்தட்ட முக்கால் பங்கை அம்மா போகப்போகிறார்.

நூல் சொன்னதைக் கணக்காலும் சரிபார்த்தேன். பெருங்குடி அருகே இருக்கும் நம் மதுரை விமான நிலையம் வட அட்சம் 9.83 பாகையிலும் கிழக்குத் தீர்க்கம் 78.09 பாகையிலும் இருக்கிறது. சான் பிரான்சிஸ்கோ விமான நிலையம் வட அட்சம் 37.62, மேற்குத் தீர்க்கம் 122.38. மேல்நிலைப் பள்ளியில் படிக்கும் கோணவியலோடு கோள முக்கோணத்துக்குரிய ஒரே ஒரு சூத்திரம் தெரிந்தால் போதும்: இந்த இரண்டு இடங்களும் பூமியின் மையத்தில் உண்டாக்கும் கோணம் 128.8 பாகை என்று வருகிறது. ஒரு பாகைக்குச் சுமார் 111.2 கி.மீ. என்று பெருக்கினால் ஏறக்குறைய 14,320 கி.மீ. வெவ்வேறு இணையதளங்கள் இதே தூரத்துக்கு இருபது, முப்பது கிலோமீட்டர் முன்பின்னாகச் சொல்வதற்குக் காரணமும் பூமிதான். பூமி சீரான உருண்டை அல்ல. நிலநடுக்கோட்டில் அதன் ஆரம் 6,378 கி.மீ., துருவத்தில் 6,357 கி.மீ. சிலர் இரண்டுக்கும் நடுவில் 6,371 என்று ஒரே ஆரத்தை வைத்துக் கணக்கிடுகிறார்கள். சிலர் அந்தச் சப்பையையும் சேர்த்துக் கணக்கிடுகிறார்கள்.

பூமி எவ்வளவு சப்பை என்று அறிந்துகொள்ளும் வேலையில் தமிழ்நாட்டுக்குப் பெரிய பங்கு உண்டு என்பதை வகுப்பில் நான் எப்போதும் கொஞ்சம் நின்று சொல்வேன். 1802-ஆம் ஆண்டு வில்லியம் லாம்டன் என்ற ஆங்கில அதிகாரி, சென்னைப் பரங்கிமலை அருகே ஓர் அடிக்கோட்டை அளந்தார். சுமார் 12 கி.மீ. நீளமுள்ள அந்த ஒரு கோட்டை எஃகுச் சங்கிலியால் அளந்து முடிக்க 57 நாட்கள் பிடித்தன. அந்த ஒரு நீளத்தை வைத்து, கோணங்களை அளந்தே மற்ற தூரங்களைக் கணக்கிடும் முக்கோணங்கள் அங்கே தொடங்கித்தான் இந்தியா முழுவதும் பரவின. குமரியிலிருந்து இமயமலை அடிவாரம் வரை, நம் மதுரை இருக்கும் அதே 78-ஆம் தீர்க்கரேகையை ஒட்டி, சுமார் 2,400 கி.மீ. நீளத்துக்குப் பூமியின் வளைவில் ஒரு துண்டு, ஒரு பெரும் வில் அளக்கப்பட்டது. அந்தப் பரங்கிமலை மீனம்பாக்கம் விமான நிலையத்துக்குப் பக்கத்திலேயே நிற்கிறது. 57 நாட்களில் அளந்த அந்தத் தூரத்தை, மணிக்கு 900 கி.மீ. வேகத்தில் பறக்கும் விமானம் 48 விநாடிகளில் கடந்துவிடும். திருப்பரங்குன்றத்தைப் பார்த்தபடி ஏறி, பரங்கிமலையைப் பார்த்தபடி இறங்கப்போகும் அம்மாவிடம், ஜன்னல் இருக்கை கிடைத்தால் அந்த மலையை ஒரு நிமிடம் பார்க்கச் சொல்லியிருந்தேன்.

தூரம் 14,320 கி.மீ., வேகம் மணிக்கு 900 கி.மீ. என்றால் வகுத்தல் கணக்குப்படி பதினாறு மணி நேரம். ஏறுவதற்கும் இறங்குவதற்கும் அரை மணி சேர்த்தால் பதினாறரை. இணையத்தில் இரண்டு ஊர்ப் பெயர்களைக் கொடுத்துத் தேடுகிறவர்களுக்குக் கிடைக்கும் 'பயண நேரம்' பெரும்பாலும் இப்படிப்பட்ட வகுத்தல்தான். இதை நம்பி யாரும் பெற்றவரை வழியனுப்பக் கூடாது என்பதைச் சொல்லத்தான் இவ்வளவையும் எழுதுகிறேன். ஏனென்றால், நூல் கிடந்த அந்த வழியில் போகும் விமானமே கிடையாது.

காரணங்களில் முதலாவது நம் ஓடுபாதை. மதுரை ஓடுபாதையின் நீளம் 7,500 அடி, அதாவது 2,290 மீட்டர் அளவில் இருக்கிறது. சென்னையின் முதன்மை ஓடுபாதை 3,600 மீட்டருக்கு மேல். பெங்களூரில் இரண்டு ஓடுபாதைகளும் 4,000 மீட்டர். பதினாறு மணி நேரம் பறக்கும் விமானத்தின் எடையில் கணிசமான பகுதி எரிபொருள்தான். போயிங் 777-200எல்.ஆர். வகை விமானம் அதிகபட்சமாக 347 டன் எடையோடு கிளம்பலாம். அதில் எரிபொருளே 145 டன் வரை இருக்க முடியும். கடைசி மணி நேரத்துக்கு வேண்டிய எரிபொருளையும் முதல் மணி நேரத்திலிருந்தே சுமந்துகொண்டு போக வேண்டும். அப்படிச் சுமப்பதற்கும் எரிபொருள் செலவாகும். அந்தப் பாரத்தோடு ஓடி எழும்ப மதுரை ஓடுபாதை போதாது. ஓடுபாதையை நீட்டுவது பற்றி இங்கே பல ஆண்டுகளாகப் பேசிக்கொண்டிருக்கிறோம். அது நடந்தாலும் அடுத்த தடை வழியில் இருக்கிறது. திபெத் பீடபூமியின் மேல் விமானங்கள் கூடுமானவரை நீண்ட நேரம் பறப்பதில்லை. விமானத்துக்குள் காற்றழுத்தம் குறைந்துவிட்டால், எல்லோரும் இயல்பாக மூச்சுவிடக்கூடிய சுமார் 3,000 மீட்டர் உயரத்துக்கு விரைவாக இறங்கியாக வேண்டும். அங்கே தரையே 4,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது.

தென்னிந்தியாவிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்கு நேரடி விமானமே சாத்தியமில்லை என்று இதற்குப் பொருளல்ல. 2021 ஜனவரியில் ஏர் இந்தியாவின் பெண் விமானிகள் மட்டுமே கொண்ட குழு, சான் பிரான்சிஸ்கோவிலிருந்து வட துருவத்தின் மேல் பறந்து, ஏறக்குறைய பதினேழு மணி நேரத்தில் பெங்களூரில் வந்து இறங்கியது. அந்தச் செய்தி வந்த நாளில் என் மாணவிகளுக்கு உலக உருண்டையைத் தலைகீழாகக் கவிழ்த்து அந்த வழியைக் காட்டியிருக்க வேண்டும். அப்போது பெருந்தொற்றுக்காகப் பள்ளி பூட்டிக் கிடந்தது.

ஆகவே அம்மா எங்காவது ஓர் ஊரில் இறங்கி ஏறித்தான் போக வேண்டும். எந்த ஊர் என்பதில்தான் அவருக்குப் பெரிய ஆச்சரியம் காத்திருந்தது. மதுரையிலிருந்து மேற்கே துபாய் போய் அங்கிருந்து சான் பிரான்சிஸ்கோ போனால் நேர்க்கோட்டுக் கணக்கில் மொத்தம் சுமார் 16,000 கி.மீ. கிழக்கே சிங்கப்பூர் போய் அங்கிருந்து போனால் சுமார் 16,600 கி.மீ. "அங்கிட்டுப் போனாலும் இங்கிட்டுப் போனாலும் ஒண்ணுதானா?" என்று அம்மா கேட்டார். நான் மறுபடியும் நூலை எடுத்தேன். துபாய்க்கும் சான் பிரான்சிஸ்கோவுக்கும் தீர்க்கரேகையில் வித்தியாசம் 178 பாகைக்குச் சற்றுக் குறைவு. ஏறக்குறைய நேர் எதிர்ப்பக்கம். அதனால் அங்கிருந்து மிகக் குறுகிய வழி, வட துருவத்துக்கு இருநூறு கிலோமீட்டர் அருகே ஏறி மறுபக்கம் இறங்குகிறது. சிங்கப்பூர் வழியோ பிலிப்பைன்ஸ், ஜப்பான் பக்கமாகப் போய்ப் பசிபிக்கை வளைந்து கடக்கிறது. ஒன்று பனிக்கு மேலே, மற்றொன்று கடலுக்கு மேலே. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் உருண்டையில் ஒன்றரை செ.மீ. கூட இல்லை. பூமி உருண்டை என்று நான் சொல்லிக்கொடுத்த மாணவர்கள் ஆயிரக்கணக்கில் இருப்பார்கள். அதை எழுபத்தொரு வயதில் ஒரு நூலைக் கொண்டு தானே கண்டுபிடித்துக்கொண்டவர் என் அம்மா.

சிங்கப்பூர் வழியைத் தேர்ந்தெடுத்தோம். தமிழில் பேச அங்கே யாராவது கிடைப்பார்கள் என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம் காற்று. பூமியின் நடு அட்சரேகைகளில், தரையிலிருந்து ஒன்பது முதல் பன்னிரண்டு கி.மீ. உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்காக ஓர் ஆறு போலக் காற்று ஓடிக்கொண்டிருக்கிறது. மணிக்கு 150, 200 கி.மீ. வேகம் அதற்குச் சாதாரணம். குளிர்காலத்தில் ஜப்பான் பக்கத்தில் 300-ஐயும் தாண்டும். அதை முதலில் முறையாக அளந்தவர்களில் ஒருவர் வசாபுரோ ஓயிஷி என்ற ஜப்பானிய வானிலையாளர். 1920-களில் பலூன்களைப் பறக்கவிட்டு அளந்த அவர், உலகம் முழுவதும் படிக்கட்டும் என்று தம் அறிக்கையை, உலகப் பொதுமொழியாக உருவாக்கப்பட்ட எஸ்பெராண்டோவில் வெளியிட்டார். அந்த மொழியைப் படிப்பவர்கள் குறைவாக இருந்ததால் அது வெளியே பரவவில்லை. எனக்கு மிகவும் வருத்தமளிக்கும் வரலாறு அது. விமானம் அந்தக் காற்றோடு போனால் தரைக் கணக்கில் வேகம் கூடும். எதிர்த்து வந்தால் குறையும். அதனால்தான் சிங்கப்பூரிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்கு உள்ள 13,600 கி.மீ. தூரம், போகும்போது சுமார் பதினைந்தேகால் மணி நேரமாகவும் திரும்பும்போது சுமார் பதினேழு மணி நேரமாகவும் இருக்கிறது. தூரம் ஒன்றுதான். வைகையில் வெள்ளம் ஓடும்போது நீரோடு நீந்துவதற்கும் எதிர்நீச்சல் போடுவதற்கும் உள்ள வித்தியாசம் என்று அம்மாவிடம் சொன்னேன். வைகையில் எப்போது வெள்ளம் ஓடியது என்று சில நொடிகள் யோசித்துவிட்டுத் தலையாட்டினார்.

இனி நேரத்துக்கு வருகிறேன். பயணச்சீட்டு பார்த்தபோது ஒரு முன்பதிவுத் தளம் 'மொத்தப் பயண நேரம் 22 மணி 30 நிமிடம்' என்று பெரிய எழுத்தில் காட்டியது. அது சென்னையிலிருந்து மட்டும் உள்ள கணக்கு. மதுரையிலிருந்து சென்னைக்கு வேறு சீட்டு, வேறு கணக்கு. அந்தத் தளம் அதோடு சேர்த்துக் காட்டிய மதுரை விமானம், சென்னையில் இறங்கியதிலிருந்து அடுத்த விமானம் கிளம்பும்வரை ஒன்றேமுக்கால் மணி நேரம்தான் விட்டிருந்தது. பெட்டியை எடுத்து, உள்நாட்டு முனையத்திலிருந்து பன்னாட்டு முனையத்துக்கு வந்து, மறுபடி பெட்டியைக் கொடுத்து, குடியேற்றச் சோதனை முடித்து ஏறுவதற்கு எழுபத்தொரு வயதுப் பெண்ணுக்கு ஒன்றேமுக்கால் மணி நேரம் எப்படிப் போதும்? இரண்டும் தனித்தனிச் சீட்டு என்பதால், முதல் விமானம் தாமதமாகி இரண்டாவதைத் தவறவிட்டால் அதற்கு யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள். நானும் முதலில் அதைக் கவனிக்கவில்லை. பணம் கட்டும் பக்கம்வரை போய்விட்டுத்தான் கண்ணில் பட்டது. வெளிநாடு போகும் பெற்றோருக்குச் சீட்டு எடுக்கிறவர்கள், மதுரையிலிருந்து கடைசி ஊர்வரை ஒரே சீட்டாக இருக்கிறதா, பெட்டி நேராகக் கடைசி ஊருக்குப் போய்விடுமா என்ற இரண்டையும் தயவுசெய்து முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

வீட்டு வாசலிலிருந்து வீட்டு வாசல்வரை நான் போட்ட கணக்கு இது. புதன்கிழமை பிற்பகல் மூன்று மணிக்குத் திருமங்கலத்தில் காரில் ஏறுகிறார். ஆறேகால் மணி விமானம் அவரை ஏழரைக்குச் சென்னையில் இறக்குகிறது. இரவு பதினொன்றரைக்குச் சிங்கப்பூர் விமானம். நாலேகால் மணி நேரப் பறத்தல். அங்கே இறங்கும்போது அந்த ஊர்க் கடிகாரத்தில் வியாழன் காலை ஆறேகால். ஒன்பதேகாலுக்கு அடுத்த விமானம். பதினைந்தேகால் மணி நேரம் கழித்துச் சான் பிரான்சிஸ்கோவில் இறங்கும்போது, அங்கே அதே வியாழன் காலை ஒன்பதரை. குடியேற்ற வரிசை, பெட்டி, காரில் முக்கால் மணி நேரம் எல்லாம் சேர்த்துத் தங்கை வீட்டு வாசலை மிதிக்கும்போது காலை பதினொன்றரை. அப்போது திருமங்கலத்தில் வியாழன் நள்ளிரவு பன்னிரண்டு. புதன் மூன்று மணியிலிருந்து எண்ணினால் 33 மணி நேரம். அதில் அவர் வானத்தில் இருப்பது இருபதே முக்கால் மணி நேரம். மீதி பன்னிரண்டேகால் மணி நேரம் உட்காருவதும் நிற்பதும் நடப்பதும்தான்.

பக்கத்து வீட்டுக்காரர் இந்த நேரங்களைப் பார்த்துவிட்டு, புதன் மூன்றிலிருந்து வியாழன் பதினொன்றரைவரை இருபதரை மணி நேரம்தானே ஆகிறது என்றார். கடிகாரம் அப்படித்தான் சொல்லும். கோடையில் கலிபோர்னியா நமக்குப் பன்னிரண்டரை மணி நேரம் பின்னால் இருக்கிறது. நவம்பர் முதல் ஞாயிறு தொடங்கி மார்ச் இரண்டாம் ஞாயிறுவரை பதின்மூன்றரை. உண்மையில் கழிந்த 33 மணி நேரத்தில் பன்னிரண்டரையைக் கடிகாரம் விழுங்கிவிட்டது. இந்த இருபதரையும், வானத்தில் கழிந்த இருபதே முக்காலும் ஏறக்குறைய ஒரே எண்ணாக வந்தது தற்செயல். ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் சம்பந்தமில்லை. ஆனால் உடம்பு எண்ணுவது 33-ஐத்தான். சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் அம்மா போடும் மாத்திரைகளை அந்த 33 மணி நேரத்துக்கு எப்படிப் பிரித்துப் போடுவது என்று மருத்துவரிடம் கேட்டு, ஒரு தாளில் 'சென்னையில் சாப்பாட்டுக்குப் பின்', 'சிங்கப்பூரில் இறங்கியதும்' என்று இடங்களின் பெயரால் எழுதிக் கொடுத்தேன். மணியால் எழுதியிருந்தால் குழப்பம்தான் வந்திருக்கும்.

அம்மாவுக்கு இதைவிட எளிய அளவு ஒன்று தெரிந்திருந்தது. கிளம்பும் அன்று அதிகாலையில் பறித்த மல்லிகை மொட்டைத் தங்கைக்குக் கொண்டுபோக முடியுமா என்று கேட்டார். புதன் விடியலில் பறித்த மொட்டு அன்று இரவு சென்னையில் காத்திருக்கும்போதே விரிந்துவிடும். சிங்கப்பூரில் வாடத் தொடங்கும். பசிபிக்கைக் கடப்பதற்குள் பழுப்பேறிவிடும். அதோடு, செடி கொடி சார்ந்த எதையும் அமெரிக்க விமான நிலையத்தில் அறிவித்துச் சோதனைக்குக் காட்ட வேண்டும். "ஒரு பூவோட ஆயுசுக்கு மேல தூரம்" என்று அம்மா சொல்லிக்கொண்டார். பூவுக்குப் பதிலாகப் பெட்டியில் ஒரு நூல்கண்டு போனது.

மே மாதக் கடைசியில் கிளம்பினார். அன்று சிங்கப்பூர் விமானம் சென்னையிலிருந்து நாற்பது நிமிடம் தாமதம்; அதற்காகத்தான் இடைவெளிகளை அகலமாக வைத்திருந்தோம் என்பதால் எங்கும் ஓட வேண்டி வரவில்லை. பசிபிக்கின் மேல் இருந்த பதினைந்து மணி நேரமும் நான் கணினியில் அந்த விமானத்தின் தடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஜப்பானைத் தாண்டியதும் அதன் தரைவேகம் மணிக்கு ஆயிரத்தைத் தாண்டியது. வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது நம் கணக்கில் நள்ளிரவு பன்னிரண்டேகால். என் கணக்கிலிருந்து கால் மணி நேரம்தான் தள்ளியிருந்தது. அங்கே போனதும் முதல் நாலைந்து நாட்கள் பகல் முழுக்கத் தூங்கிவிட்டு ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து காபி போட்டாராம். உடம்பு ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம்தான் நகர்ந்து கொடுக்கும். பன்னிரண்டரை மணி நேரத்தை அது கடந்து முடிக்க பன்னிரண்டு நாட்கள் ஆயின. தூரத்தை விமானம் ஒரே நாளில் கடந்தாலும், அம்மா முழுதாக அங்கே போய்ச் சேர்ந்தது அந்தப் பன்னிரண்டாம் நாள்தான் என்று தங்கை சொன்னாள்.

திரும்பும் பயணம் அக்டோபர் முதல் வாரம். அதில் நான் ஒரு தவறு செய்துவிட்டேன். வெள்ளிக்கிழமை இரவு பத்தரைக்குச் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து கிளம்பும் விமானத்தில் இடம் எடுத்திருந்தேன். காற்றை எதிர்த்துப் பதினேழு மணி நேரம் பறந்து அது சிங்கப்பூரில் இறங்கும்போது அங்கே ஞாயிறு காலை ஆறரை. மேற்கு நோக்கிப் போவதால் இருட்டும் விமானத்தோடு கூடவே வரும். பன்னாட்டுத் தேதிக்கோட்டைத் தாண்டும் இடத்தில் சனிக்கிழமை சட்டென்று ஞாயிற்றுக்கிழமையாகிவிடும். ஜன்னலுக்கு வெளியே ஒரு வெளிச்சமும் இல்லாமல், பசிபிக்கின் மேல் சில மணி நேரம் மட்டுமே அந்தச் சனிக்கிழமை இருக்கும். மேற்கு நோக்கியே உலகைச் சுற்றி வந்த மெகல்லனின் குழுவில் மிஞ்சியவர்களுக்கு 1522-இல் இதேதான் நடந்தது. கேப் வெர்டே தீவில் கரையிறங்கியபோது தங்கள் குறிப்பேட்டில் புதன்கிழமை, கரையில் வியாழக்கிழமை. எங்கே தவறவிட்டோம் என்று அவர்களுக்கு விளங்கவில்லை.

பயணத் தேதியைப் படித்த அம்மா தொலைபேசியில் கேட்டது ஒரே கேள்விதான்: "அப்ப அந்தச் சனிக்கிழமை எங்கப்பா போச்சு? புரட்டாசிச் சனிக்கிழமையாச்சே." பெருமாளுக்கு விரதமிருக்கும் நாள் அது, நினைவு தெரிந்த நாளிலிருந்து அம்மா அதை விட்டதில்லை. இந்திய நேரப்படி அன்று இருபத்து நான்கு மணி நேரமும் சனிக்கிழமை உண்டு, விமானத்திலேயே அதைக் கடைப்பிடிக்கலாம் என்று சொல்லிப் பார்த்தேன். எந்த ஊர்க் கடிகாரத்துக்கு விரதம் இருப்பது, எப்போது முடிப்பது என்று அவர் திருப்பிக் கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. மறுநாளே கூடுதல் பணம் கட்டி, ஞாயிறு இரவு கிளம்பும் விமானத்துக்குச் சீட்டை மாற்றிவிட்டேன். சனிக்கிழமையைத் தங்கை வீட்டிலேயே முழுதாக இருந்து, மாவிளக்குப் போட்டுவிட்டுக் கிளம்புவார். இந்த முறை காணாமல் போவது திங்கட்கிழமை. அதைச் சொன்னபோது, "திங்கக்கெழமை போனாப் போகுது" என்றார்.